குரல் முன்னால் வரட்டும்

சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் வீட்டு டிவியில் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பெரும்பாலான டிவிகளில் அது தரையைப் பார்த்து இருக்கும். சிலவற்றில் பின்சுவரைப் பார்த்து இருக்கும். படம் நேராக நம் முகத்துக்கு வருகிறது. குரல் மட்டும் தரையிலும் சுவரிலும் மோதிச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. பெட்டி மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடம் இல்லாமல் போனதன் விளைவு இது.

சென்னையிலேயே தயாரான சாலிடேரும் டயனோராவும் கூடத்தில் இருந்த காலத்தில் படம் சுமார்தான். ஆனால் பெட்டி பெரியது, அதற்குள் ஸ்பீக்கர் நிம்மதியாக உட்கார இடம் இருந்தது. செய்தி வாசிப்பவர் சொல்வது அடுப்படி வரைக்கும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. இன்று படம் எங்கேயோ போய்விட்டது, பேச்சு பின்தங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு "என்ன சொன்னான்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு சினிமா பார்க்கிறோம். தமிழ்ப் படத்துக்கே கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்ப்பவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய பேர் இருக்கிறார்கள்.

பேச்சு புரிவது பெரும்பாலும் மெய்யெழுத்துகளின் தயவில். உயிரெழுத்துகளுக்கு வலு அதிகம். பக்கத்து அறையில் இருந்தாலும் அவை வந்துவிடும். பட்டமா, பத்தமா, பக்கமா என்று பிரித்துக் காட்டும் அந்த மெல்லிய ஓசைகள் ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸில் தொடங்கி அதற்கு மேலே இருப்பவை. அவை நேர்கோட்டில் போகும் சுபாவம் உள்ளவை. ஸ்பீக்கர் நம்மைப் பார்க்காவிட்டால் முதலில் தொலைவது அவைதான். வயதாகும்போது காது முதலில் இழப்பதும் இதே மேல்வரிசை ஓசைகளைத்தான். ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்கு இரட்டை நஷ்டம்.

உறையூரில் இருக்கும் என் அத்தை இதைத்தான் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "சத்தம் கேக்குதுடா, என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல." வீட்டில் எல்லாரும் அதற்குக் கண்டுபிடித்த மருந்து வால்யூமைக் கூட்டுவது. கூட்டினால் பின்னணி இசை அதிர்கிறது, பேச்சு அப்படியேதான் இருக்கிறது. அத்தை மகன் என்னிடம், "மச்சான், ஒரு சவுண்ட்பார் வாங்கிடலாமா?" என்று கேட்டான். மாமா இருந்தபோது வாங்கிய சோனோடைன் ஆம்ப்ளிஃபையர் பரணில்தானே இருக்கிறது என்று கேட்டேன். இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் பழைய போர்வையில் சுற்றிப் பத்திரமாக இருந்தன.

சவுண்ட்பார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் பரணில் இருக்கும் வீட்டில் புதிதாகப் பணம் செலவழிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. எண்பதுகளில் நம் ஊரில் மாதச் சம்பளக்காரர்கள் சீட்டுக் கட்டி வாங்கிய பொருள் இது. 1978இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானபோது, இடது ஸ்பீக்கரில் ஒரு வாத்தியம் வலதில் ஒரு வாத்தியம் என்று கேட்பதற்காகவே செட் வாங்கியவர்கள் உண்டு. கம்பெனி செட் வாங்க முடியாதவர்கள் 4440 ஐசி போட்ட போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி, அசெம்பிள் செய்து, மண்பானைக்குள் ஸ்பீக்கரைக் கவிழ்த்துவைத்துக் கேட்டார்கள். அந்தப் பொருள்களில் பல இன்னும் உயிரோடுதான் இருக்கும். ஆம்ப்ளிஃபையரின் வேலை நாற்பது வருஷத்தில் மாறவே இல்லை: சின்ன மின்னழுத்தத்தை வாங்கி ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெரிதாக்குவது. அதற்கு ஒலி வந்து சேரும் வழிதான் மாறியிருக்கிறது.

பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கைச் சொருகிவிடக் கூடாது. பல வருஷம் மின்சாரம் காணாத மின்தேக்கிகளுக்குள் இருக்கும் காப்புப் படலம் நைந்துபோயிருக்கும். திடீரென்று முழு 230 வோல்ட்டில் உயிர்கொடுத்தால் வெடித்துவிடவும் வாய்ப்புண்டு. கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். மேசைமேல் ஒரு பலகை, அதில் ஒரு ஹோல்டர், ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். சீரீஸ் லேம்ப் என்பார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரமெல்லாம் பல்பிலேயே செலவாகி செட் தப்பித்துவிடும். நன்றாக இருந்தால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அப்படியே மங்கும். எங்கள் செட்டுக்குப் பல்பு எரிந்து, மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் இழை மட்டும் செம்மையாகத் தெரிந்தது. அண்ணன் தலையை நிமிர்த்தாமலேயே, "மாமா நல்ல சாமானாத்தான் வாங்கிருக்காரு தம்பி," என்றார். அப்புறம் வால்யூம், பேஸ், ட்ரபிள் குமிழ்களுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருந்தார். கரகரப்பு போய்விட்டது.

இனி பின்பக்கம். பழைய ஆம்ப்ளிஃபையரின் முதுகில் ஜோடி ஜோடியாக ஆர்சிஏ துளைகள் இருக்கும்: ட்யூனர், ஆக்ஸ், டேப், ஃபோனோ. டிவியை ஆக்ஸிலோ ட்யூனரிலோ கொடுக்கலாம், இரண்டும் ஒன்றுதான். ஃபோனோவில் மட்டும் கொடுக்கவே கூடாது. அது இசைத்தட்டு முள்ளுக்கான வாசல். முள்ளிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கி, இசைத்தட்டில் வேண்டுமென்றே குறைத்துப் பதித்திருக்கும் கீழ்வரிசையைத் தூக்கி, மேல்வரிசையை இறக்கித் தரும் சர்க்கியூட் அதன் பின்னால் இருக்கிறது. அங்கே டிவி ஒலியின் 2 வோல்ட் போய் விழுந்தால் வருவது இரைச்சல்தான். பிலிப்ஸ் போன்ற பழைய செட்டுகள் பலவற்றில் ஆர்சிஏ இருக்காது, ஐந்து கால் வட்டத் துளை, டின் சாக்கெட், இருக்கும். அதற்கும் பயப்பட வேண்டாம். 3ஆம் காலும் 5ஆம் காலும் இடது, வலது. 2ஆம் கால் எர்த். தெரிந்த கை சால்டரிங் அயர்ன் பிடித்தால் சிறிது நேர வேலை.

முன்பக்கம் இன்னொரு பொறி இருக்கிறது, டேப் மானிட்டர் என்று ஒரு பட்டன். அது அமுங்கியிருந்தால் செட் டேப் டெக்கிலிருந்து வரும் சத்தத்துக்காக மட்டுமே காத்துக்கொண்டிருக்கும். நாம் எந்த ஒயரை எங்கே மாற்றினாலும் பதில் வராது. "செட் செத்துப்போச்சு" என்று கடைக்கு வருவதில் நிறைய இந்த ஒரு பட்டன்தான் என்று அண்ணன் சொன்னார்.

டிவியின் முதுகைப் பார்த்தால் வேறு உலகம். சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகள் அனேகமாகப் போய்விட்டன. இருந்தாலும் அது வெளியிலிருந்து உள்ளே வாங்குவதற்காக இருக்கும். ஹெட்ஃபோன் துளை இருந்தால் வேலை சுலபம்: ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் பின், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ வைத்த ஒயர் ஒன்று போதும். புது டிவிகளில் பலவற்றில் அதுவும் இல்லை. மிஞ்சுவது ஆப்டிகல் துளை, அல்லது ஏஆர்சி என்று பக்கத்தில் எழுதிய எச்டிஎம்ஐ துளை. இரண்டிலும் வெளிவருவது எண்களாக மாறிய ஒலி. பழைய ஆம்ப்ளிஃபையருக்கு எண் படிக்கத் தெரியாது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கடையில் 'ஆப்டிகல் டு ஆர்சிஏ கன்வெர்ட்டர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டியதில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். ஆப்டிகல் இல்லாத டிவி என்றால் ஏஆர்சியிலிருந்து பிரித்துத் தரும் பெட்டியும் கிடைக்கிறது. அதை அந்த ஒரு குறிப்பிட்ட எச்டிஎம்ஐ துளையில்தான் சொருக வேண்டும், மற்றவற்றில் வேலை செய்யாது.

ஆப்டிகல் ஒயர் எனக்கு எப்போதும் பிடித்த பொருள். 1983இல் தோஷிபா இதைக் கொண்டுவந்தது, சிடி பிளேயரை ரிசீவரோடு சேர்ப்பதற்காக. ஒயருக்குள் தாமிரமே கிடையாது. ஒளி மட்டும் போகிறது. புது ஒயரின் இரண்டு முனையிலும் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை உருவிவிட்டுத்தான் சொருக வேண்டும். ஒரு முனையை டிவியில் கொடுத்துவிட்டு மறுமுனையைப் பார்த்தால் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. அத்தை அதைத் தன் உள்ளங்கையில் விழவைத்துப் பார்த்தார். "இதுக்குள்ளயாடா பாட்டு போகுது?" என்றார்.

எல்லாம் சொருகியாகிவிட்டது. செய்தி சேனலில் சத்தம் வருகிறது, சினிமா ஆப்பைத் திறந்தால் மௌனம், அல்லது கரகரவென்று ஒரு சத்தம். பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுவிடுகிறார்கள். பழுது எதிலும் இல்லை. சினிமா ஆப்கள் டால்பியில் கட்டிய ஒலியை அனுப்புகின்றன. டிவி அதைப் பிரிக்காமல் அப்படியே வெளியே தள்ளுகிறது. சின்னப் பெட்டிக்கு டால்பி தெரியாது. டிவி செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய், டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருப்பதை 'பிசிஎம்' என்று மாற்றினால் போதும். டிவியே எல்லாவற்றையும் இரண்டு சேனலாக இறக்கித் தந்துவிடும். அப்படி இறக்கும்போது, தியேட்டரில் நடு ஸ்பீக்கரில் வரும் வசனத்தை இடதுக்கும் வலதுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இது நமக்கு முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த 'ம்ம்ம்' என்கிற ஹம். எங்கள் ஊர்களில் இதைச் சொல்லாமல் ஒயரிங் பற்றி எழுத முடியாது. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் வரும் கேபிள் ஒயரின் மேல்கூடு எங்கோ ஓர் இடத்தில் பூமியைத் தொடுகிறது. நம் வீட்டு எர்த் வேறோர் இடத்தில் தொடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசம் செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ ஒயர், டிவி, ஆடியோ ஒயர் என்று வழி கண்டுபிடித்து ஆம்ப்ளிஃபையருக்குள் வந்துவிடுகிறது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். கண்டுபிடிப்பது சுலபம்: செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றுங்கள். ஹம் நின்றால் குற்றவாளி அதுதான். ஹெட்ஃபோன் துளை வழியாகக் கொடுத்தபோது அத்தை வீட்டில் ஹம் வந்தது. ஆப்டிகலுக்கு மாறியதும் நின்றுவிட்டது, ஒளி மின்சாரத்தைக் கடத்தாது அல்லவா. அண்ணன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "அந்தச் சின்னப் பெட்டிக்கு டிவி யுஎஸ்பில இருந்து பவர் எடுக்காதீங்க தம்பி. தனியா ஒரு செல் சார்ஜர் போட்டுடுங்க." காரணம் புரிந்துகொள்ள வேண்டியது. டிவியின் யுஎஸ்பியில் சொருகினால் டிவியோடு சேர்ந்து தானே எரியும், தானே அணையும் என்பது வசதிதான். ஆனால் ஒளியால் அறுத்த தொடர்பை அந்த யுஎஸ்பி ஒயரின் எர்த் மறுபடி சேர்த்துவிடும்.

ஆர்சிஏ ஒயரைச் சொருகும்போதும் கழற்றும்போதும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள். அந்த பிளக்கின் அமைப்பில் நடுக்கம்பி முதலில் தொடும், எர்த் வளையம் அப்புறம்தான் தொடும். இடைப்பட்ட கணத்தில் ஸ்பீக்கர் அலறும் அலறலில் பழைய கோன் கிழியலாம். இரண்டு கால் பிளக் வைத்த டிவியின் உலோகப் பாகத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறும். அதனால் சுவர் பிளக்கையே உருவிவிட்டு வேலை செய்வது நல்லது.

ஒயர் வம்பே வேண்டாம், ப்ளூடூத் போதுமே என்று கேட்பார்கள். பாட்டுக்குப் போதும். படத்தோடு சேர்ந்த ஒலிக்கு எனக்கு மனம் வரவில்லை. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே தாமதமாகும். பல சமயம் அதன் இருமடங்குகூட. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் பாருங்கள். மிருதங்க வித்வானின் விரல் தோலில் விழுந்து எழுந்துவிடுகிறது, 'நம்' என்ற ஓசை அதற்கப்புறம் வருகிறது. தாளம் போடும் நம் கை எதைப் பின்பற்றுவது என்று தடுமாறும். ஒலி 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ மனிதர்கள் கவனித்துவிடுகிறார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. பிந்துவதைக் காது ஓரளவு பொறுக்கிறது, முந்துவதை அவ்வளவாகப் பொறுப்பதில்லை. இயற்கையில் ஒளிக்கு முன்னால் ஒலி வந்ததே கிடையாது; கோயில் வாசலில் அடிக்கும் தவில் தெருமுனைக்கு வரும்போது கண் பார்த்ததற்குப் பிறகுதான் காது கேட்கிறது. ஆப்டிகலில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. சில டிவிகளில் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலி கொஞ்சம் முந்தும். செட்டிங்ஸில் ஏவி சிங்க் என்ற இடத்தில் ஒலியைத் தாமதப்படுத்திச் சரிசெய்யலாம்.

இனி ஸ்பீக்கர்கள். டியூப் டிவி காலத்தில் ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் காந்தம் பட்டு படத்தின் ஓரத்தில் ஊதா, பச்சை என்று தேமல் விழும். அதனால் நம் வீடுகளில் ஸ்பீக்கரை அலமாரி உச்சியில் தூக்கி வைத்துப் பழகிவிட்டோம். இப்போது அந்தப் பயம் இல்லை. டிவிக்கு இருபுறமும், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், நம்மைப் பார்த்து வையுங்கள். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது இதுதான், செலவும் இல்லை.

சிவப்பு, கறுப்பு முனைகளைத் தப்பாமல் மாட்ட வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனால் ஒன்று முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும். சத்தம் என்னவோ வரும். பேஸ் செத்திருக்கும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சோதிக்கக் கருவி வேண்டாம். செய்தி சேனலைப் போட்டு நடுவில் உட்காருங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சமமாகப் பங்கிட்ட அந்தக் குரல் நடுவில் கூடி, வாசிப்பவரின் வாயிலிருந்தே வருவதுபோல் திரையில் நிற்க வேண்டும். அங்கே ஸ்பீக்கர் எதுவும் இல்லை, ஆனாலும் குரல் அங்கேதான் இருக்கும். நிற்காமல் தலைக்கு இருபுறமும் சிதறினால் ஒரு பக்க ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அத்தை வீட்டில் குரல் இப்படிக் கூடி நின்ற அந்தக் கணத்தில் அத்தை மகன் எழுந்துபோய் டிவியின் சொந்த ஸ்பீக்கர் ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்த்தான்.

லவுட்னஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். குறைந்த சத்தத்தில் பேஸும் ட்ரபிளும் காதுக்குக் குறைவாகப் படும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். அதை ஈடுகட்ட வைத்தது அந்த பட்டன். பாட்டுக்கு நல்லது. பேச்சுக்கு அதை அணைத்துவிட்டு, பேஸைக் கொஞ்சம் இறக்கி, ட்ரபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பெரியவர்களுக்கு இந்த இரண்டு குமிழும் செய்யும் உபகாரம் பெரிது. அவர்கள் காதுக்கு எது தெளிவோ அதுதான் கணக்கு. அவர்களையே திருப்பச் சொல்லுங்கள்.

அத்தையே திருப்பினார். ஒரு சீரியலில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டிருக்கும்போது ட்ரபிளை மெல்ல ஏற்றிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கையை எடுத்தார். "இப்ப வெளங்குது." வால்யூம் குமிழ் கால்வாசிகூடத் திரும்பியிருக்கவில்லை. முன்பு டிவி ஓடினால் மாடியில் இருப்பவர்களுக்குக் கேட்கும். இப்போது அடுத்த அறையில் பேரன் படிக்கிறான்.

ஒரே ஒரு குறை, ரிமோட். ஆப்டிகலில் பெரும்பாலும் ஒலி ஒரே அளவில்தான் வெளிவரும். டிவி ரிமோட்டில் கூட்டினாலும் குறைத்தாலும் அசையாது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எழுந்துபோய்க் குமிழைத் திருப்ப அத்தையால் முடியாது. தனக்கென்று ஒரு குட்டி ரிமோட் வைத்திருக்கும் கன்வெர்ட்டர்கள் கிடைக்கின்றன. பழையதைக் கொடுத்துவிட்டு அப்படி ஒன்று வாங்கி மாட்டினோம். கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று என்று அத்தைக்கு இரண்டே பட்டன்தான் தேவை. அந்த இரண்டிலும் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துக் கொடுத்தாயிற்று. பழைய ஆம்ப்ளிஃபையர் தானாக அணையாது என்பதால் படுக்கப் போகுமுன் சுவர் ஸ்விட்சை அணைப்பது பேரனின் பொறுப்பு.

ஆம்ப்ளிஃபையர் பேச ஆரம்பித்ததும் அத்தைக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது. திருச்சி வானொலியில் வந்த கச்சேரிகளை மாமா கேசட்டில் பிடித்து, ஒவ்வொன்றின் மேலும் ராகம், தேதி எழுதி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "டேப்புக்குன்னு பின்னாடி ரெண்டு ஓட்டை சும்மாத்தானே இருக்கு?" என்றார். சும்மாத்தான் இருக்கிறது. மாமாவின் டேப் டெக்கையும் இறக்கினோம். உள்ளே பெல்ட் உருகித் தார்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணன் அதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, கப்பியின் விட்டத்தை அளந்து, புது பெல்ட்டுக்காகச் சென்னைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.